ரயில் பக்கம், மறுபக்கம்: ஒரு நியூயார்க் பள்ளியின் மதிப்பெண் கதை

டீச்சர் ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார். பாதி சொல்லும்போதே ஜன்னல் அதிர ஆரம்பிக்கிறது. அவர் நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அரை நிமிடத்தில் ரயில் போய்விடுகிறது. "சரி, எங்கே விட்டேன்?" என்று அவர் மறுபடி தொடங்குகிறார். நாலரை நிமிடத்தில் அடுத்த ரயில் வந்துவிடும்.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பி.எஸ். 98 என்ற அரசுத் தொடக்கப்பள்ளியில் அன்றாடம் நடந்தது இதுதான். பி.எஸ். என்றால் பப்ளிக் ஸ்கூல். அந்த ஊரில் அரசுப் பள்ளிகளுக்கு எண்தான் முதல் பெயர். மன்ஹாட்டன் தீவின் வட நுனியில் இன்வுட் என்ற பகுதியில் இந்தப் பள்ளி இருக்கிறது. அங்கே 'சப்வே' பெயரளவில்தான் சுரங்க ரயில். இரும்புத் தூண்களின் மேல், தெருவுக்கு மேலே, வீட்டு ஜன்னல்களின் உயரத்தில் ஓடுகிறது. பள்ளிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே சுமார் 220 அடி, அதாவது 67 மீட்டர்.

கட்டிடம் சூழலாக மாறி மனிதரை எப்படிப் பாதிக்கிறது என்ற பேச்சு வந்தாலே காற்று, வெளிச்சம், வெப்பம் என்று நீளும். எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பள்ளிதான். ஒரு பக்கத்து வகுப்புகள் தண்டவாளத்தைப் பார்த்திருந்தன, மறுபக்கத்து வகுப்புகள் பார்க்கவில்லை. யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனைக்கூடம் அமைந்துவிட்டது. அதைவிட முக்கியம், இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு: சத்தத்தைக் குறைத்தார்கள், பிறகு மறுபடி அளந்து பார்த்தார்கள். இந்தத் துறையில் அந்த இரண்டாம் பாகம் நடந்த ஊர்கள் ரொம்பக் குறைவு.

வழக்குப் போட ஆதாரம் இல்லை

அர்லீன் பிரான்சாஃப்ட் உளவியல் பேராசிரியர். பிராங்க்ஸில் இருக்கும் லீமன் கல்லூரியில் பாடம் எடுத்தவர். அவருடைய வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் பிள்ளை பி.எஸ். 98இல் படித்தது. ரயில் சத்தத்தில் பிள்ளைகளுக்குப் பாடமே ஏறவில்லை, பெற்றோர்கள் சேர்ந்து வழக்குப் போடப்போகிறோம் என்று அந்தப் பெண் சொன்னார்.

சத்தம் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் "சத்தமாக இருக்கிறது" என்பது வேறு, "சத்தத்தால் என் பிள்ளைக்கு இன்ன கெடுதல் நேர்ந்தது" என்பது வேறு. நீதிமன்றத்தில் இரண்டாவதுதான் செல்லும். காது கேட்காமல் போயிருந்தால் மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடலாம். இந்தப் பிள்ளைகளின் காது நன்றாகத்தான் இருந்தது.

பிரான்சாஃப்ட் எடுத்த வழி எளிமையானது. புதிதாக ஒரு தேர்வு வைக்கவில்லை, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. பள்ளி ஏற்கனவே ஒவ்வோர் ஆண்டும் வாசிப்புத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தது. அந்த மதிப்பெண்கள் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. தலைமை ஆசிரியரின் ஒத்துழைப்போடு அவற்றை எடுத்து, எந்த வகுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தார். டென்னிஸ் மெக்கார்த்தியோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1975இல் வெளிவந்தது.

இந்த ஒப்பீட்டின் பலம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சத்தமான ஒரு பள்ளியையும் அமைதியான ஒரு பள்ளியையும் ஒப்பிட்டிருந்தால் ஆயிரம் கேள்வி வந்திருக்கும். இரைச்சலான பகுதியில் வாடகை குறைவு, அங்கே ஏழைகள் இருப்பார்கள், பெற்றோரின் படிப்பு குறைவாக இருக்கும், வீட்டில் புத்தகம் இருக்காது, நல்ல ஆசிரியர்கள் அங்கே வரத் தயங்குவார்கள். மதிப்பெண் குறைந்ததற்கு ரயில்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. இங்கேயோ ஒரே கட்டிடம், ஒரே தலைமை ஆசிரியர், ஒரே பாடத்திட்டம், ஒரே தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள். கெட்டிக்காரர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை மறுபக்கமும் உட்கார வைக்கும் வழக்கமும் அங்கே இல்லை. மாறியது நடைபாதையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும்.

அளவுகள்

ரயில் போகும்போது தண்டவாளப் பக்கத்து வகுப்பறையில் சத்தம் 89 டெசிபல். ரயில் இல்லாதபோது 59. முப்பது டெசிபல் வித்தியாசம் என்றால் சிலருக்கு ஒன்றரை மடங்கு போலத் தோன்றும். டெசிபல் அப்படிக் கூடுவதில்லை. பத்து ஏறினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு, முப்பது ஏறினால் ஆயிரம் மடங்கு. காதுக்கு அது ஏறக்குறைய எட்டு மடங்கு உரத்த சத்தமாகத் தெரியும். வகுப்பறையில் டீச்சரின் குரல் சாதாரணமாக 60, 65 டெசிபல் அளவில் இருக்கும். கத்தினாலும் 89ஐ எட்டிப் பிடிப்பது கஷ்டம். எட்டிப் பிடித்தாலும் புண்ணியமில்லை. குரல் பின்னணிச் சத்தத்தைவிட சுமார் 15 டெசிபல் மேலே நின்றால்தான் சிறு பிள்ளைகளுக்குச் சொற்கள் தெளிவாக விழும்.

ஆகவே டீச்சர்கள் நிறுத்திவிட்டார்கள். நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம். 270 நொடியில் 30 நொடி என்றால் கற்பிக்கும் நேரத்தில் 11 சதவீதம் போயிற்று. கேட்க ரொம்பப் பெரிதாகத் தெரியவில்லை, இல்லையா? நான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். ஒரு நாளில் 5 மணி நேரம் பாடம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 33 நிமிடம் வீண். 180 நாள் பள்ளி நடந்தால் 99 மணி நேரம். அதாவது முழுசாக 20 பள்ளி நாட்கள். ஒரு பள்ளிக்கூடம் ஆண்டுதோறும் காரணம் சொல்லாமல் 20 நாள் கூடுதல் விடுமுறை விட்டால் ஊர் சும்மா இருக்குமா? முப்பது முப்பது நொடியாக விட்டதால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இரண்டாம், நான்காம், ஆறாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்ததில், ரயில் பக்கத்து வகுப்புகள் மறுபக்கத்து வகுப்புகளைவிடப் பின்தங்கியிருந்தன. ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஓராண்டுப் படிப்பு.

நேரம் மட்டும்தானா?

வீணான நேரமே முழுக் காரணம் என்று சொல்லிவிட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒன்பதில் ஒரு பங்கு நேரம் போனால், ஆறு ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்டு போயிருக்கும், கிட்டத்தட்ட கணக்கு சரியாக வருகிறது என்று தோன்றலாம். ஆனால் அது ஒரே பிள்ளை ஆறு ஆண்டும் அதே பக்கம் உட்கார்ந்தால்தான். வாசிப்பை பிள்ளைகள் பள்ளியில் மட்டும் கற்பதும் இல்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது.

இன்வுட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தெற்கே போனால் அந்த வேறு ஏதோவுக்கு ஒரு தடயம் கிடைக்கிறது. வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போகும் பன்னிரண்டு தட நெடுஞ்சாலைக்கு நேர் மேலே 32 மாடியில் நான்கு குடியிருப்புக் கோபுரங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சாலைக்கு மேலே வீடு கட்டலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியாது. குடியேறியவர்களுக்குச் சத்தமும் புகையும் கீழேயிருந்து வந்தன. ஷெல்டன் கோஹன், டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் மூவரும் அங்கே வசித்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1973இல் எழுதினார்கள். எட்டாவது மாடியில் 66 டெசிபல், 32ஆவது மாடியில் 55. மேலே போகப் போக அமைதி.

அவர்கள் பிள்ளைகளுக்கு ஒலி வேறுபாட்டுச் சோதனை ஒன்றை வைத்தார்கள். இரண்டு சொற்களைச் சொல்லி, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்பார்கள். தமிழில் வைத்தால் மனம், மணம் என்று சொல்லிக் கேட்கலாம். அரை, அறை. வாலை, வாழை. கீழ் மாடிப் பிள்ளைகள் இதில் தடுமாறினார்கள். அவர்களின் வாசிப்பு மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. நான்கு ஆண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. காதில் கோளாறு எதுவும் இல்லை. பெற்றோரின் படிப்பு, வசதி ஆகியவற்றைக் கழித்த பிறகும் தொடர்பு நின்றது.

அவர்கள் தந்த விளக்கம்தான் என் மனசில் ஒட்டிக்கொண்டது. ஓயாத சத்தத்தில் வளரும் பிள்ளை சத்தத்தை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. அது நல்ல தற்காப்புதான். ஆனால் எதை ஒதுக்க வேண்டும், எதை ஒதுக்கக் கூடாது என்று அந்த வயதில் பிரித்துப் பார்க்கத் தெரியாது. லாரியின் உறுமலோடு சேர்த்து அம்மாவின் சொல்லில் இருக்கும் நுணுக்கமும் ஒதுங்கிப் போய்விடுகிறது. எழுத்தைக் கூட்டி வாசிக்கக் கற்கும் பிள்ளைக்கு ஒலியின் நுணுக்கம்தான் மூலதனம். ணகரமும் னகரமும் காதில் ஒன்றாக விழுந்தால் எழுத்தில் மட்டும் எப்படி வேறாகத் தெரியும்?

நாம் "பழகிப்போச்சு" என்று சொல்கிறோமே, அதுதான் இது. ரயில்வே லைன் பக்கத்தில் வீடு வாங்கியவரிடம் கேளுங்கள், முதல் ஒரு மாதம் தூக்கம் வரவில்லை, அப்புறம் பழகிப்போச்சு என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பழகிக்கொள்வதற்குக் கொடுத்த விலை அவருடைய கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த விலையை கிளாஸும் சிங்கரும் ஆய்வகத்தில் வைத்தே காட்டியிருந்தார்கள். 1972இல் நகர வாழ்க்கை தரும் மன அழுத்தம் பற்றி அவர்கள் வெளியிட்ட நூலில் அந்தச் சோதனைகள் இருக்கின்றன. பெரியவர்களை உட்கார வைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி உரத்த சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் துள்ளினார்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டார்கள், கொடுத்த எளிய வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். சோதனை முடிந்தது, அமைதி திரும்பியது. அப்போதுதான் வேடிக்கை. அமைதியில் வைத்த அடுத்த வேலையில், விடையே இல்லாத புதிர்களை இவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழை திருத்தும் வேலையில் அதிகம் கோட்டை விட்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே சத்தம், ஆனால் கையருகே ஒரு பொத்தான். தாங்க முடியாவிட்டால் அழுத்தினால் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்று சொல்லி வைத்தார்கள். ஏறக்குறைய யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் அந்தக் குழு பின்னால் புதிர்களோடு பல மடங்கு அதிகமாகப் போராடியது. சத்தம் குறையவில்லை. நிறுத்த முடியும் என்ற எண்ணம் மட்டுமே போதுமானதாக இருந்தது.

பி.எஸ். 98 பிள்ளையின் கையில் எந்தப் பொத்தானும் இல்லை. டீச்சரிடமும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் பாதைக்குக் கீழே இருந்த பள்ளிகளில் கோஹன் வேறு சிலரோடு சேர்ந்து செய்த ஆய்வு 1980இல் வந்தது. அங்கே வகுப்பு நேரத்தில் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு விமானம். அந்தப் பிள்ளைகளும் புதிரைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ரத்த அழுத்தமும் அமைதியான பள்ளிப் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. படிப்பும் உடம்பும் தனித்தனி அத்தியாயம் இல்லை என்பதற்கு இது போதும்.

ரப்பரும் கூரைத் தகடும்

1975 கட்டுரை வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். இத்தகைய ஆய்வுகள் வழக்கமாக நூலகத்தில் போய்ச் சேரும். இங்கே இரண்டு அமைப்புகள் அசைந்தன. ரயிலை இயக்கும் நகரப் போக்குவரத்து ஆணையம், பள்ளிக்கு அருகே இருந்த தண்டவாளத்துக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் திண்டுகளை வைத்தது. கல்வி வாரியம் சத்தம் மிகுந்த வகுப்பறைகளின் கூரையில் ஒலி உறிஞ்சும் தகடுகளைப் பொருத்தியது.

பிரான்சாஃப்டுக்குப் போக்குவரத்து ஆட்களோடு பேசிப் பழக்கம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1979இல் வெளிவந்த நியூயார்க் ரயில் வரைபடத்தை உருவாக்கிய குழுவில் உளவியலாளராக இருந்தவர் அவர்தான். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்த ஆராய்ச்சியாளர் கிடைப்பது அபூர்வம்.

இரண்டு வேலைகளும் வேறு வேறு இடத்தில் வேறு வேறு விதமாக உதவின. சக்கரம் இரும்பில் மோதும் அதிர்வு தூண்களுக்கு இறங்கி, அந்த இரும்புச் சட்டகமே ஒரு பெரிய மத்தளம் போலாகி ஒலிக்கிறது. இடையில் ரப்பர் வந்தால் அதிர்வு சட்டகத்துக்குப் போவது குறையும். அதாவது சத்தம் பிறக்கும் இடத்திலேயே கை வைப்பது. கூரைத் தகடு அப்படியல்ல. ஜன்னல் வழியாக நேரே வரும் சத்தத்தை அது தடுக்காது. வெறும் சுவர், வெறும் கூரை, பளபளத் தரை என்று இருக்கும் அறையில் உள்ளே வந்த சத்தம் எளிதில் சாகாமல் முட்டி மோதிக்கொண்டே இருக்கும். தகடு அதை விழுங்கிவிடும். ரயில் இல்லாத நேரத்திலும் டீச்சரின் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறாது. மெய்யெழுத்துகள் தெளியும். அமெரிக்காவில் பின்னாளில் வந்த வகுப்பறை ஒலியியல் தரம் இந்த முழக்கம் 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. பின்னணிச் சத்தத்துக்கு 35 டெசிபல் வரம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் வகுப்பறைக்கு அதே 35தான்.

பலன் என்ன? ரயில் பக்கத்து வகுப்புகளில் 6 முதல் 8 டெசிபல் குறைந்தது. பிரான்சாஃப்ட் மறுபடி வாசிப்பு மதிப்பெண்களை எடுத்தார். 1981இல் அந்தக் கட்டுரை வந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இடையே இப்போது வித்தியாசம் இல்லை.

இந்த ரப்பர் திண்டு வேலை பிற்பாடு நகரத்தின் மற்ற உயர்த்தப்பட்ட தடங்களுக்கும் போனது. ஒரு தாயின் புலம்பலில் தொடங்கிய விஷயம்.

சங்கடமான கேள்விகள்

இதை யாரிடம் சொன்னாலும் "பிரமாதம்" என்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். பிறகு கணக்குப் போட்டபோது ஓர் இடம் இடித்தது. 89இலிருந்து 8ஐக் கழித்தால் 81. ரயில் போகும்போது 81 டெசிபல் என்பதும் பாடம் நடத்த முடியாத சத்தம்தான். ஆற்றலில் பார்த்தால் 6 டெசிபல் குறைவது கால் பங்காக்கும், 8 டெசிபல் ஆறில் ஒரு பங்காக்கும், அது சாதாரணமில்லை. ஆனாலும் டீச்சர் நிறுத்தத்தான் வேண்டியிருந்திருக்கும். அப்படியானால் மதிப்பெண் இடைவெளி முழுவதும் எப்படி மூடியது?

சில வழிகள் இருக்கின்றன. ரயில் நெருங்கி வரும்போதும் விலகிப் போகும்போதும் இருக்கும் சத்தம் உச்சத்தைவிடக் குறைவு. அந்த ஓரங்கள் இப்போது பேசக்கூடிய அளவுக்கு இறங்கியிருக்கலாம், நிறுத்தம் முப்பது நொடியிலிருந்து சுருங்கியிருக்கலாம். தகடுகளால் ரயில் இல்லாத நாலு நிமிடத்தின் தரமும் உயர்ந்திருக்கும். மூன்றாவதாக, கொஞ்சம் கிண்டலாகத் தோன்றினாலும் சொல்லியாக வேண்டியது: ஆட்கள் வந்து தங்கள் அறையில் வேலை செய்து தருவதைப் பார்த்த டீச்சர்களுக்கு உற்சாகம் வந்திருக்கும். நம்மையும் ஒருத்தர் கவனித்தார் என்ற எண்ணம் பொத்தானைப் போலவே வேலை செய்யும். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று ஒரே ஒரு பள்ளியை வைத்துப் பிரிக்க முடியாது. ரப்பரும் தகடும் சேர்ந்தே வந்ததால் அவற்றையும் பிரிக்க முடியாது.

இன்னொரு பலவீனம், எண்ணிக்கை. ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்னும்போது, ஒரு பக்கம் ஓரிரண்டு சுமாரான ஆசிரியர்கள் அமைந்துவிட்டாலே முடிவு சாயும். பல ஆண்டு மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்ததும், சத்தம் குறைந்ததும் இடைவெளி மறைந்ததும்தான் இந்த ஆய்வைத் தாங்கிப் பிடிக்கின்றன.

அதனால் இதைத் தனியாக நம்பச் சொல்லமாட்டேன். பின்னால் வந்தவை சேர்ந்தபோதுதான் இது திடமானது. அதில் முதலிடம் மியூனிக்குக்கு. 1992 மே மாதம் அந்த நகரம் தன் விமான நிலையத்தை ரீம் என்ற பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு மாற்றியது. ஆராய்ச்சியாளர்கள் முன்கூட்டியே போய் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சோதித்து வைத்திருந்தார்கள், மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு முறை சோதித்தார்கள். பழைய இடத்தில் நீண்டகால நினைவும் வாசிப்பும் தேறின. புதிய இடத்தில் அதே இரண்டும் கெட்டன. பி.எஸ். 98இல் ஒரு திசையில் பார்த்ததை இங்கே இரண்டு திசையிலும் பார்த்தார்கள். சத்தம் போனால் மீளலாம் என்பதும் இதனால் உறுதியானது.

2005இல் லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றி 89 பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 2,844 பேரைப் பார்த்த ஆய்வு வந்தது. விமானச் சத்தம் கூடக் கூட வாசிப்புப் புரிதல் குறைந்தது. ஆனால் சாலைச் சத்தத்துக்கு அப்படி ஒரு தொடர்பு அதில் தெரியவில்லை. சாலை இரைச்சல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், விமானமும் ரயிலும் வந்து வந்து போகும், அதுதான் காரணம் என்று பலரும் சொன்னார்கள். 2022இல் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆய்வு அந்த ஆறுதலையும் கொஞ்சம் கலைத்துவிட்டது. 38 பள்ளிகள், 2,680 பிள்ளைகள். பள்ளிக்கு வெளியே சாலைச் சத்தம் 5 டெசிபல் கூடினால் செயல்நினைவின் (ஒரு வேலையைச் செய்யும்போதே தகவலை மனதில் பிடித்து வைத்திருக்கும் திறனின்) வளர்ச்சி சராசரியைவிட 11.4 சதவீதம் மெதுவாக இருந்தது. வகுப்பறைக்குள் சத்தம் ஏறி இறங்குவதும் தனியாகக் கெடுதல் செய்தது. வீட்டருகே இருந்த சத்தத்துக்கு அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. கற்கும் நேரத்துச் சத்தம்தான் கணக்கு.

சராசரியின் ஏமாற்று

பி.எஸ். 98இல் 11 சதவீத நேரம் 89 டெசிபல், மீதி நேரம் 59. இதை நாள் முழுவதற்குமான சராசரி ஒலி அளவாக மாற்றினால் ஏறக்குறைய 79 வரும். காது கெடும் என்று தொழிற்சாலைகளில் அஞ்சும் அளவு எட்டு மணி நேரத்துக்கு 85. எனவே சட்டப்படி அந்தப் பிள்ளைகளின் காதுக்கு ஆபத்து இல்லை. இதே 79 ஓயாத ஒரே சத்தமாக இருந்திருந்தால் பள்ளியையே பூட்டியிருப்பார்கள், ஒரு சொல்லும் கேட்டிருக்காது. மாறி மாறி வந்ததால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சராசரி ஒன்றுதான். ஒன்றில் பள்ளியே நடக்காது, மற்றொன்றில் நடப்பது போல நடக்கும்.

நம் சட்டமும் சராசரியில்தான் பேசுகிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40. அப்படி அறிவித்திருந்தால் நியூயார்க்கின் அந்த 67 மீட்டர் மண்டலத்துக்குள்ளேயே விழுந்திருக்கும். அளவுகோல் கடுமையானதுதான், குடியிருப்புப் பகுதிக்கு உரிய 55ஐவிடக் குறைவு. ஆனால் அது வெளியே அளக்கும் அளவுகோல். உள்ளே டீச்சர் எத்தனை முறை வாயை மூடிக்கொள்கிறார் என்பதை அந்தக் கருவி காட்டாது.

ஜன்னலைச் சாத்திவிட்டால் தீருமே என்று கேட்கலாம். திறந்த ஜன்னலைவிடச் சாத்திய ஜன்னல் பத்து டெசிபலுக்கு மேல் கூடுதலாகத் தடுக்கும், உண்மைதான். சென்னையின் மே மாதத்திலோ மதுரையின் ஏப்ரலிலோ நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த அறையில் ஜன்னலைச் சாத்துவது யோசனை ஆகாது. வெப்பமும் பிள்ளைகள் விட்ட மூச்சும் சேர்ந்து வேறு வழியில் அதே கவனத்தைத் தின்றுவிடும். அதனால்தான் எனக்கு இந்த நியூயார்க் தீர்வு பிடித்திருக்கிறது. சத்தம் பிறக்கும் இடத்தில் ரப்பர், கேட்கும் அறையில் கூரைத் தகடு. ஜன்னல் திறந்தே இருக்கலாம்.

இதை நம் ஊரில் செய்து பார்க்க முடியுமா என்று ஆசிரியர் நண்பர்கள் இருவரிடம் கேட்டேன். மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, பிரிவுகள் இருக்கின்றன, சாலைப் பக்கம் உட்பக்கம் என்ற வேறுபாடும் பல பள்ளிகளில் இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒருவர் உடனே முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் பள்ளியில் போன ஆண்டு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அ பிரிவு, ஆ பிரிவு என்று பிரிக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் அ பிரிவுக்கு எந்த அறை கொடுப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். ஒப்பீடு அங்கேயே செத்துவிடும். இன்னொருவர் பள்ளியில் அப்படிப் பிரிப்பதில்லை, ஆனால் எந்த ஆண்டு எந்தப் பிரிவு எந்த அறையில் இருந்தது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பழைய டீச்சர்களைக் கேட்டால் சொல்வார்கள் என்றார். அடுத்த வாரம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.